வாசகர் கேள்விகள்: ரயில் முடியும் ஊரில் ஒதுங்கியவர்கள்

கேள்வி: நையல் கிரிஃபித்ஸின் முதல் நாவல் ‘கிரிட்ஸ்’ வாங்கினேன். வேல்ஸில் ஒதுங்கிய இளைஞர்கள், போதை என்று கேள்விப்பட்டு ஆசையாக எடுத்தேன். 30 பக்கம் தாண்டவில்லை. ஆங்கிலம் நன்றாகவே வரும். இந்த எழுத்துக்கூட்டல்தான் விளங்கவில்லை.

பதில்: காதால் படிக்க வேண்டிய புத்தகம் அது. 2000-இல் வந்த இந்த நாவலை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்கிறார்கள்; அவரவர் ஊர்ப்பேச்சு அப்படியே அச்சேறியிருக்கிறது. மனதுக்குள் படித்தால் பிழைக் குவியலாகத்தான் தெரியும். குரல் மாறும் இடங்களில் எல்லாம் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நம் வட்டார வழக்கு நாவல்களை அப்படித்தானே பிடிக்கிறோம்! லிவர்பூல்காரர் வாயில் ‘மை’ என்பது ‘மீ’ ஆகும். ஸ்காட்லாந்துக்காரருக்கு ‘டிடின்ட்’ என்பது ‘டிட்னே’. தெற்கு வேல்ஸில் நன்றாக இருப்பதெல்லாம் ‘டைடி’, கூட்டாளி ‘பட்’. இப்படி நாலைந்து பிடிபட்டாலே பேசுவது எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும். அகராதியை எடுக்காதீர்கள், ஓட்டம் அறுந்துபோகும். வேல்ஷ் பெயர்களில் இரட்டை ‘டி’ (dd) வந்தால் நம் ‘அது’வில் வரும் ‘து’வின் ஒலி. இரட்டை ‘எல்’லுக்கு, ‘ல்’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதுங்கள். ஒரு வேளைக்குப் பத்துப் பக்கம் போதும்.

கேள்வி: கதை ஏன் வேல்ஸின் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் நடக்கிறது? நடந்ததே திரும்பத் திரும்ப நடப்பதாகத் தோன்றுகிறதே?

பதில்: ஆங்கில எல்லையிலிருந்து மேற்கே வரும் ரயில் பாதை அங்கே கடலில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஓட இடமில்லை. 1872-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர், அதனால் வாடகை அறைகளும் மதுக்கடைகளும் அதிகம். அந்தப் பக்கத்து மலைகளுக்குப் போதையோடு பழைய தொடர்பும் உண்டு: 1977-இல் ‘ஆபரேஷன் ஜூலி’ என்ற போலீஸ் வேட்டை, மத்திய வேல்ஸில் கார்னோ கிராமத்து மாளிகை ஒன்றில் நடந்த எல்எஸ்டி (மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருள்) தயாரிப்பை அம்பலமாக்கியது.

திரும்பத் திரும்ப வருவதற்கு, பிரிட்டிஷ் அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை நினைவில் வையுங்கள். 1996 அக்டோபரில் அது புது வடிவம் எடுத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் 25 வயதுக்குட்பட்டவருக்கு வாரம் சுமார் 40 பவுண்டு. அதற்காக அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பணம் வந்த ராத்திரி கொண்டாட்டம், நாலாம் நாள் கடன், அப்புறம் அடுத்த கையெழுத்துவரை காத்திருப்பு. சோம்பலாகத் தெரியும் அந்த வாழ்க்கைக்கும் ஒரு நாள்காட்டி இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் சலிப்பு குறையும்.

கேள்வி: இதே பின்னணியில் ஒரு கதை எழுதுகிறேன். ஹெராயினை விடும் காட்சியை எப்படி அமைப்பது?

பதில்: பலரும் ஒரே ராத்திரியில் முடித்துவிடுகிறார்கள், அதுதான் கோளாறு. கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்: வாந்தி, வயிற்றுப்போக்கு, கால்களில் குடைச்சல். ஒரு வாரத்தில் உடம்பு தணியும். தூக்கம் சீராக இன்னும் பல நாளாகும். உயிராபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். விட்ட உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். உங்கள் கதையில் சாவு வருமானால், விட்ட ராத்திரியில் வைக்காமல் மூன்று வாரம் தள்ளி வையுங்கள்.