டெரெய்லர் அசையவில்லையா?

கேள்வி: அப்பாவின் பழைய ரேஸ் சைக்கிளைத் தூசி தட்டினேன். பின் டெரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) கருப்புப் பிசினாக இறுகிக் கிடக்கிறது. கழற்றலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தாராளமாக. முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், செயின் வளைந்து போகிற வழி அப்புறம் நிச்சயம் மறந்துபோகும். கியர் ஒயரை விடுவித்து, டெரெய்லரின் கூண்டில் (செயின் நுழைந்து போகும் சட்டத்தில்) உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களையும் கழற்றினால் செயினை வெட்டவே வேண்டாம்; பிறகு ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) திருகிக் கழற்றினால் டெரெய்லர் கையோடு வரும். மேல் சக்கரம், கீழ் சக்கரம் மாறிவிடக் கூடாது, சில மாடல்களில் இரண்டும் வேறு வேறு. இரும்புப் பாகங்களை டீசலில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். நம்ம மதுரைப் புழுதி கீல்களுக்குள்தான் போய் உட்கார்ந்திருக்கும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒவ்வொரு கீலுக்கும் ஒரே சொட்டு ஆயில், அதிகம் விட்டால் மறுபடி பிசின்தான். டெரெய்லரிலேயே இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள், செயின் எல்லை தாண்டாமல் தடுப்பவை அவை. மாட்டும்போது போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள், மரை போனால் ஃபிரேமுக்கே வேலை வந்துவிடும்.