'அப்பா ஊருக்குப் போயிருக்கார்' என்று சொல்லலாமா?

கேள்வி: என் கணவர் மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஆறு வயது மகனிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று மாமியார் சொல்லிவைத்திருக்கிறார். தெருவில் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். ராத்திரி படுக்கையை நனைக்கிறான். பதின்மூன்று வயது மகளோ ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. என்ன செய்வது? தனியார் கம்பெனியில் பணியில் இருந்தபோதே இறந்தார். பிள்ளைகளுக்கு பி.எஃப். பென்ஷன் கிடைக்குமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: மகனிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். "அப்பாவோட இதயம் நின்னுபோச்சு. டாக்டரால சரிபண்ண முடியல. அப்பா செத்துப்போயிட்டார், இனிமே வரமாட்டார்." இவ்வளவு போதும். 'தூங்கிட்டார்' என்றால் படுக்கவே பயப்படுவான். 'சாமி கூட்டிக்கிட்டார்' என்றால் சாமி மேல் கோபம் வரும். ஊருக்குப் போனதாகச் சொன்னாலோ, தன்னை வேண்டாமென்று விட்டுப்போனதாக நினைப்பான். இந்த வயதில், போனவர் திரும்பமாட்டார் என்பது ஒரே நாளில் பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தான் சேட்டை செய்ததால்தான் அப்பா செத்தார் என்று மனசுக்குள் வைத்திருக்கவும் கூடும். அவன் கேட்காவிட்டாலும், "உன்னால ஆகல" என்று சொல்லிவிடுங்கள். "நீயும் செத்துப்போயிடுவியா?" என்றால், "நான் நல்லா இருக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆனாலும் சித்தி உன்னைப் பார்த்துக்குவா" என்று, ஆளின் பெயரோடு சொல்ல வேண்டும். படுக்கை நனைப்பதற்குத் திட்டாதீர்கள். தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 'இனிமே தம்பிக்கு நீதான் அம்மா மாதிரி' என்று துக்கத்துக்கு வந்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சுமையை நீங்களே இறக்கிவையுங்கள். முன்பு என்ன வேலை செய்தாளோ அது மட்டும் போதும். டியூஷன், தோழிகள், விளையாட்டு எதுவும் நிற்கக் கூடாது. உட்காரவைத்து விசாரித்தால் பேசமாட்டாள். துணி மடிக்கும்போது அப்பா பேச்சை நீங்களே எடுங்கள். அழுகை வந்தால் அவள் முன்னால் அழுங்கள். அவர் சட்டைகளை யாருக்கும் கொடுக்கும் முன் அவளைக் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். பல வாரம் தூக்கமில்லை, சாப்பாடில்லை என்றாலோ, 'அப்பாகிட்டயே போயிடணும்' என்றாலோ அன்றே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

பென்ஷன்: கணவரின் பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் முதன்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு அது இருக்காது. ஏறியிருந்தால், பணியில் இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தாவே போதும். உங்களுக்கு விதவை பென்ஷனும், அதில் 25 சதவீதம் வீதம் இரு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனியாகவும் வரும். அதற்குப் படிவம் 10டி. பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் ஆயுள் காப்பீடான இ.டி.எல்.ஐ.-யில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குப் படிவம் 5ஐஎஃப். இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கி பாஸ்புக் நகல்களோடு கம்பெனி மூலம் அனுப்புங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப். கணக்கில் வேறு இனிஷியல் என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.