ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டிரக்கில் சர்வோவை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரை, ஃப்ரேமுக்கு மாற்றிய பிறகு, கல் மேல் ஏறினால் சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஏன்?

நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: பன்ஹார்டு ராடு, அதாவது ஃப்ரேமையும் ஆக்சிலையும் குறுக்காக இணைக்கும் கம்பி, போட்டீர்களா? போட்டிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு?

உங்கள் வண்டி 1/10 அளவு கிராலர் (கல் ஏறும் வண்டி), ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் தாங்கும் அச்சு) மேல் இருந்த சர்வோவைக் கழற்றி ஃப்ரேமில் வைத்திருக்கிறீர்கள், இப்போது கல்லில் ஒரு சக்கரம் ஏறினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது, நின்ற இடத்தில் திருப்பினால் சக்கரத்துக்குப் பதில் பாடி பக்கவாட்டில் ஆடுகிறது. இரண்டும் ஒரே வியாதிதான். சர்வோ ஆக்சில் மேலேயே இருந்தவரை அதுவும் சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்கின, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஃப்ரேமுக்குப் போனதும் சர்வோ ஸ்பிரிங்குக்கு மேலே, சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே. இரண்டையும் இணைக்கிற டிராக் லிங்க் என்கிற கம்பி, ஆக்சில் மேலும் கீழும் போகும்போது ஒரு வளைவில்தான் நகரும். ஆக்சிலும் அதே வளைவில் நகர்ந்தால் சக்கரம் நேராக நிற்கும், இல்லாவிட்டால் நீங்கள் ரிமோட்டைத் தொடாமலேயே திரும்பும்.

அந்த வளைவை ஆக்சிலுக்குத் தருவதுதான் பன்ஹார்டு ராடு. ஒரு முனை ஃப்ரேமில், மறுமுனை ஆக்சிலில், குறுக்காகப் போகும் கம்பி, அவ்வளவுதான். அதன் ஃப்ரேம் முனை சர்வோ ஹார்ன் (சர்வோவில் திரும்பும் சின்னக் கை) இருக்கிற அதே பக்கத்தில் இருக்க வேண்டும், டிராக் லிங்குக்கு இணையாகப் போக வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது இடம் இல்லை என்று பன்ஹார்டை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுவிட்டேன், முன்னால் நின்று பார்த்தால் இரண்டு கம்பியும் பெருக்கல் குறி மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி குடித்தவன் மாதிரி தள்ளாடியது, நான் சர்வோதான் போச்சு என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

இரண்டு கம்பியும் ஒரே நீளம் இருக்கணும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் நீளத்தைவிடக் கோணம் பல மடங்கு முக்கியம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்ஹார்டு 100 மி.மீ., படுக்கையாக இருக்கிறது. ஆக்சில் 20 மி.மீ. மேலே வந்தால் அது ஆக்சிலைப் பக்கவாட்டில் சுமார் 2 மி.மீ. இழுக்கும். டிராக் லிங்கும் படுக்கையாக, ஆனால் 80 மி.மீ. மட்டும் என்றால் அது 2.5 மி.மீ. இழுக்கும். வித்தியாசம் அரை மி.மீ., நக்கிளின் (சக்கரத்தைப் பிடித்துத் திரும்பும் பாகம்) கை 20 மி.மீ. என்றால் சக்கரம் ஒன்றரை டிகிரி திரும்பும், ஓட்டும்போது தெரியவே தெரியாது. இப்போது நீளம் இரண்டுக்கும் 100 என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் சர்வோவை உயரத்தில் வைத்ததால் டிராக் லிங்க் 20 மி.மீ. சரிந்து இறங்குகிறது. ஆக்சில் அதே 20 மி.மீ. மேலே வரும்போது பன்ஹார்டு ஒரு பக்கம் 2 மி.மீ. இழுக்க, டிராக் லிங்க் எதிர்ப்பக்கம் 2 மி.மீ. தள்ளுகிறது. மொத்தம் 4 மி.மீ., சக்கரம் 11 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒன்று சர்வோவை இறக்குங்கள், இல்லையென்றால் பன்ஹார்டின் ஃப்ரேம் முனையை ஏற்றி அதையும் அதே சரிவுக்குக் கொண்டுவாருங்கள்.

பாடி ஆடுவதற்கு வருவோம். 20 கிலோ சர்வோ என்றால் 1 செ.மீ. தூரத்தில் 20 கிலோ தள்ளும் என்று அர்த்தம், 2 செ.மீ. ஹார்ன் முனையில் 10 கிலோ தள்ளும். கல்லிடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் அந்த 10 கிலோவும் ஃப்ரேமுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில்தான் போய் முட்டும். பன்ஹார்டு இல்லாவிட்டால், அல்லது அதைப் பிடிக்கிற பிராக்கெட் பிளாஸ்டிக்கில் வளைகிற மாதிரி இருந்தால், பாடி நகராமல் என்ன செய்யும்? ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே சர்வோ பிளேட்டையும் பன்ஹார்டு பிராக்கெட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள், எது அசைகிறதோ அதுதான் குற்றவாளி. இன்னொன்று, உங்கள் பழைய ஆக்சில் முக்கோணமாக வைத்த நாலு லிங்க் கம்பியில் நிற்கிறது என்றால் அந்த நாலும் ஏற்கெனவே ஆக்சிலை நடுவில் பிடித்து வைத்திருக்கும், அதன்மேல் பன்ஹார்டையும் போட்டால் இரண்டும் சண்டை போட்டு சஸ்பென்ஷன் இறுகிவிடும். மேல் லிங்கில் ஒன்றைக் கழற்றி மூன்று லிங்க் ஆக்கிவிடுங்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பட்டையே பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், ஆனால் டிராக் லிங்க் எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர்களுக்கும் உண்டு.

செட் செய்யும்போது ஷாக்கில் இருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், ஆக்சிலைக் கையாலேயே மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். அதற்கு முன் பேட்டரி, பாடி எல்லாம் ஏற்றி வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா அளவும் அந்த உயரத்தில்தான். ரிமோட்டையும் வண்டியையும் ஆன் செய்து, சர்வோவின் நடுவை நகர்த்தும் ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகுதான் ஹார்னை மாட்ட வேண்டும், அதுவும் டிராக் லிங்குக்குச் செங்குத்தாக. ஹார்ன் மாட்டும் பல் ஒன்று முன்னே பின்னே இருந்தால் சப் ட்ரிம்மில் சரி செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு பன்ஹார்டின் நீளத்தை மாற்றி ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் டிராக் லிங்க் நீளத்தை மாற்றிச் சக்கரத்தை நேராக்குங்கள். இந்த வரிசை மாறினால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும், ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம் ஒரு பக்கம் முழுக்க ஏற்றி, மறுபக்கம் முழுக்க இறக்கி, ரிமோட்டை இரு முனைக்கும் திருப்புங்கள். டிராக் லிங்க் ஆக்சிலில் புடைத்திருக்கும் டிஃப் (கியர்) உருண்டையிலோ பன்ஹார்டிலோ முட்டினால் அங்கே தெரிந்துவிடும். முட்டுகிறதே என்று கம்பியை ரொம்ப வளைக்காதீர்கள், வளைந்த கம்பி பாரம் வந்தால் வில் மாதிரி வளைந்து கொடுக்கும், சர்வோ திரும்பும் ஆனால் சக்கரம் திரும்பாது. நக்கிள் நின்ற பிறகும் சர்வோ ங்ங்ங் என்று முனகினால் ரிமோட்டில் எண்டு பாயிண்ட்டை, அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையை, குறைத்து அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள், நான் கருக்கிய சர்வோக்கள் எல்லாம் அப்படி முனகித்தான் போயின.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சத்தியமாகத் தோற்றத்துக்குத்தான். கல் ஏறுவது மட்டும்தான் நோக்கம் என்றால் ஆக்சில் மேல் சர்வோ எளிது, எடையும் கீழேயே இருக்கும். ஆனால் ஆக்சியல் கம்பெனியே 2016-ல் எஸ்சிஎக்ஸ்10-இன் இரண்டாம் தலைமுறையில் சர்வோவை ஃப்ரேமுக்குக் கொண்டுவந்துவிட்டது, ஜீப் ராங்ளரின் கீழே படுத்துப் பார்த்தாலும் இதே இரண்டு கம்பிதான் குறுக்கே இணையாக ஓடும். ஆக்சில் மேல் ஒரு கறுப்பு டப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. பன்ஹார்டை மாற்றிப் போட்ட பிறகு வண்டியை முன்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், கோணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.