என் விசுவாசம்தான் போதவில்லையா?

அன்புள்ள அம்மா,

என் மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு வருகிறது. மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. உபவாசம் இருந்து, அழுது, எத்தனையோ இரவுகள் ஜெபித்துவிட்டேன். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரர், "கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையே பெயரும். உங்களுக்கு அது இல்லை. மாத்திரையை நிறுத்திக் காட்டுங்கள்" என்கிறார். நிறுத்தப் பயமாக இருக்கிறது. அந்தப் பயமே அவிசுவாசமோ என்று உறுத்துகிறது. இப்போதெல்லாம் முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. பழகிய வரிகளைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். மற்றவர்கள் சாட்சி சொன்னால் பொறாமைகூட வருகிறது. என்னால்தான் என் பிள்ளைக்குச் சுகம் கிடைக்கவில்லையா?

- ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

முதலில் மாத்திரை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் பயம் நியாயமானது. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் நிற்கவில்லை என்பதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாமா, வேறு சிகிச்சை உண்டா என்று அவர் பார்ப்பார்.

அடுத்தது அந்தக் கடுகு வசனம். மத்தேயு 17-ஐ நீங்களே ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அங்கேயும் ஒரு தகப்பன், வலிப்பில் தீயிலும் தண்ணீரிலும் விழுகிற ஒரு மகன். சீஷர்களால் அவனைச் சுகமாக்க முடியவில்லை. எங்களால் ஏன் முடியவில்லை என்று தனியாக வந்து கேட்ட சீஷர்களுக்குத்தான் இயேசு கடுகைச் சொன்னார். ஊழியம் செய்யப் போனவர்களுக்குச் சொன்னதை, வீட்டில் தவிக்கிறவர்கள் மேல் எறிவது எப்படி வழக்கமானதோ, எனக்கு விளங்கவில்லை.

தகப்பனிடமும் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார், உண்மைதான். அது மாற்கு 9-இல் இருக்கிறது. அதற்கு அந்த மனிதர் சொன்ன பதில்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இருப்பதையும் இல்லாததையும் மறைக்காமல் அழுதபடியே சொல்கிறார். இன்னும் நன்றாக நம்பிவிட்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. தாழ்மையான விசுவாசம் என்று நான் நினைப்பது இதைத்தான். நம் விசுவாசம் எவ்வளவு தேறும் என்று ஓயாமல் எடைபோடத் தொடங்கினால், சுகம் கொடுக்கும் வேலையே நம் கையில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. உங்களை நசுக்குவது அந்தச் சுமைதான்.

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைப் பல காலம் ஆராய்ந்தவர். துன்பத்தில் கடவுளைத் துணையாகப் பார்ப்பவர்கள் பொதுவாகத் தாங்கிக்கொள்கிறார்கள். அதையே தண்டனையாக, கைவிடுதலாகப் பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் காணப்படுகிறது. குழுவில் கேட்ட அந்தப் பேச்சு உங்களை இரண்டாவது பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். சரி, வராவிட்டால் வரவில்லை. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறது; அதுவும் ஜெபம்தான். லூக்கா 18-இல், விடாமல் நியாயம் கேட்ட விதவையின் உவமையை இயேசு சொன்னதே, சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும் என்பதற்காக. சோர்வு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போஸ்தலர் பவுல், தம் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லையே!

பொறாமையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். களைத்த மனதில் அது வரும், போகும்.

அந்தச் சகோதரரோடு வாதாட வேண்டியதில்லை. "மருந்தைப் பற்றி டாக்டர் சொல்வார், நீங்கள் எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். திரும்பவும் வற்புறுத்தினால் போதகரிடம் பேசுங்கள், அல்லது கொஞ்ச நாள் அந்தக் குழுவுக்குப் போகாதீர்கள். இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவரையும் முறை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.