சர்வீஸ் பில் எகிறுகிறது, காரை மாற்றிவிடலாமா?

கேள்வி: எங்கள் பெட்ரோல் வேகன் ஆருக்கு 7 வயது. 42,000 கி.மீ. ஓடியிருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது. போன சர்வீஸ் பில் 13,400 ரூபாய். இதை விற்றுவிட்டு, மேலே 5 லட்சம் கடன் வாங்கிப் புதுக் கார் எடுக்கலாம் என்கிறார் கணவர். வீட்டிலேயே நன்றாகப் பராமரித்து இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்பது என் எண்ணம். எது லாபம் சார்? – வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் எண்ணம்தான் லாபம் அம்மா. 5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். வட்டி மட்டுமே 1.22 லட்சத்தைத் தாண்டும். 13,400 ரூபாய் பில் வருடத்துக்கு ஒருமுறை வருவது. தவணையோ மாதாமாதம் வரும்.

வீட்டில் செய்யும் வேலையால் மிச்சமாகும் கூலி பெரிதல்ல. சின்னக் கோளாறு பெரிய செலவாக மாறாமல் தடுப்பதுதான் உண்மையான சேமிப்பு. முக்கியமாக, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். என்ஜின் ஆறிய பிறகு மாதம் ஒருமுறை அதன் அளவைப் பாருங்கள். குறைந்தால் கார் கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டரை அடைக்கும். திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ கசிகிறது, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கவனிக்காமல் ஓட்டி என்ஜின் சூடேறி, அதன் பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போனால், நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். சரியான அளவு டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் எல்லாம் நீங்களே மாற்றக்கூடியவை. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யலாம். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

என்ஜின் ஆயில் மாற்றுவதை மட்டும் நம்பகமான மெக்கானிக்கிடம் விடுங்கள். வெறும் ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பொதுவாக 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். உங்கள் வண்டி வருடத்துக்குச் சுமார் 6,000 கி.மீ.தான் ஓடுகிறது, அதனால் உங்களுக்கு வருடக் கணக்குதான். பிரேக்கிலும் ஏர்பேக்கிலும் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், கையும் வைக்காதீர்கள்.

அப்புறம், அந்த பில்லை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். என்ஜின் டீகார்பனைசிங் (கரி நீக்கம்), அடிப்பாக கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று நீங்கள் கேட்காதவை இருந்தால், அடுத்த முறை வண்டியை விடும்போதே வேண்டாம் என்று ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளை சர்வீஸ் சென்டர் குறிக்கும் தாள்) எழுத வையுங்கள். எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் வையுங்கள், விற்கும்போது விலை பேச உதவும்.

அடுத்த மாதமே 10,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். 3 வருடத்தில் அசலே 3.6 லட்சம் சேரும். அதற்குள் பழைய காரின் விலை இறங்கும்தான், ஆனாலும் வாங்க வேண்டிய கடன் வெகுவாகக் குறையும். பதிவுச் சான்று 15 வருடம் வரை செல்லும் என்பதால் அவசரமே இல்லை. ஒரே ரிப்பேருக்கு வண்டியின் சந்தை விலையில் பாதி கேட்கும் நிலை வந்தால், அப்போது கணவர் சொல்வதைக் கேளுங்கள்.