அம்மாயியை நடிக்கச் சொல்லாதீர்கள்

தம்பி, அம்மாயியை வைத்துக் குறும்படம் எடுக்கிறீர்கள். கமராவைக் கண்டதும் அவர் விறைத்துப்போகிறார், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவும் (வரிசை வீட்டு அறை) இருட்டாக விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வசனத்தை விட்டுவிடுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கியதும், இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்க்கும்போது, ஈரத்தில் இறுகிய முடிச்சை விரல் நுனியால் நெம்பி நெம்பித்தான் தளர்த்துவார்கள். என் அம்மாவை அப்படித்தான் எடுத்தேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் கமராவை நிறுத்தினேன். முடிச்சு அவிழ்ந்ததும் அவராகவே பேசத் தொடங்கினார். எந்த ஒத்திகையும் அந்தக் குரலைத் தந்திருக்காது. சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’ படத்துக்காக ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்கே கமராவைக் கொண்டுபோனார். நீங்களோ பிறந்த இடத்திலேயே நிற்கிறீர்கள்; அது பெரிய பலம்.

இருட்டுக்கு ஒரு வழி. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, விளக்கை நேரே அடிக்காமல் விரித்த வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பச் செய்தார். நீங்களும் வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அம்மாயியை அருகில் உட்காரவையுங்கள். மாலையில் பனி இறங்குமுன் எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் எதையும் பதிவு செய்யாமல் கமராவை வீட்டு முன் இஸ்தோப்பிலேயே (திண்ணையிலேயே) வைத்திருங்கள். அவருக்கு அது பழகட்டும்.