கலம்: பானையா, கப்பலா, நகையா?

இந்த முறை 'கலம்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காரைக்கால் வாசகர்: உண்கலம் என்றால் தட்டு, மரக்கலம் என்றால் கப்பல். இரண்டும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149 முசிறித் துறைமுகத்தைப் பாடுகிறது. அங்கே கலம் கப்பல்; கறி மிளகு. புறநானூறு 256-இல் கணவனை இழந்த ஒரு பெண் 'கலஞ்செய் கோவே' என்று குயவரை அழைக்கிறாள். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிய பல்லி போல அவனோடே வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெரிய பானை) அகலமாக வனை என்கிறாள். அங்கே கலம் மண்பாண்டம்.

விருதுநகர் வாசகி: 'நன்கலம் நன்மக்கட் பேறு' என்கிறது குறள். பிள்ளைகள் பாத்திரமா?

நகை. அது 60-ஆம் குறள். 660-ஆம் குறளில் அதே வள்ளுவர் 'பசுமண் கலத்துள் நீர்' என்கிறபோது அது சுடாத மண்பானை. பாத்திரம் என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டால் அணிகலம், படைக்கலம் எல்லாம் விளங்காது. கையாளும் பொருள், உடைமை என்று கொஞ்சம் அகலமாகப் பாருங்கள்.

அப்புறம், அவ்வை அதியமான் வாசலில் கோபித்துக்கொண்டு கிளம்பும் பாட்டு (புறம் 206) நினைவிருக்கிறதா? 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' மூட்டை முடிச்சைத் தூக்கியாயிற்று, கலங்களை வைக்கும் பையையும் சுருக்கிக் கட்டியாயிற்று என்று பொருள். கலம் + பை. அவ்வை ஏரைச் சுருட்டவில்லை! கலன் என்பது கலம்தான். நலம் - நலன் மாதிரி.

தஞ்சாவூர் வாசகர்: தாத்தா நெல்லைக் கலக் கணக்கில் சொல்வார். ஒரு கலம் எவ்வளவு?

8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். உங்கள் ஊர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே நெல் கலக் கணக்கில்தான் வருகிறது. அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர்.

பாத்திரமே அளவாவது கலத்துக்கு மட்டும் நடந்ததல்ல. அளவுப் பெயர்கள் ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர் இளம்பூரணர் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. ஒரு சமையலறையே இருக்கிறது. ஜாடி நேற்று வந்த சொல் என்று நினைப்பவர்கள் அந்தச் சாடியைக் கவனிக்கவும். மண்டை என்பது பாணர் கள் வாங்கிக் குடித்த ஏனம். இன்று நம் தலை. பிரெஞ்சிலும் தலைக்கான 'தேத்', பானையைக் குறித்த லத்தீன் 'தெஸ்தா'விலிருந்து வந்ததுதான்.

சேலம் வாசகி: மண் + கலம் = மங்கலம். சரியா?

இல்லை. மண் + கலம் மட்கலம் ஆகும். மங்கலம் வேறு சொல், வடமொழி மங்கள. காதுக்கு ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லாதீர்கள்.

கோவை வாசகர்: கலத்திலிருந்துதானே கலசம்?

காதுக்கு ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லாதீர்கள். கலசம் ரிக்வேதத்திலேயே சோமப் பாத்திரமாக இருக்கிறது. அந்தச் 'ச' எப்படி ஒட்டியது என்று காட்டினால் பேசலாம்.

மதுரை வாசகர்: வடமொழிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?

மயிலாப்பூர் வாசகர்: கலசம் தேய்ந்து கலம் ஆனது என்று ஒப்புக்கொள்ள ஏன் தயக்கம்?

நீங்கள் இருவரும் ஒரே நாளில் எழுதியது நல்லதாயிற்று. மயிலாப்பூர்க்காரருக்கு: கலசத்துக்குக் கப்பல் என்றோ நகை என்றோ பொருள் இல்லை. தேய்ந்து வந்த சொல் அத்தனை பொருளையும் வழியில் எங்கே வாங்கியது? மலையாளத்தில் இன்றும் மண்பானை கலம்தான். மதுரைக்காரருக்கு: கலம் தமிழ்ச் சொல் என்பதற்குக் கலசத்தையும் பிடித்து இழுத்து வர வேண்டியதில்லை. அது இல்லாமலே கலம் நிற்கும். இதைப் பற்றி இன்னும் ஏழு கடிதங்கள் இருக்கின்றன. பிரிக்கப் போவதில்லை.

ஈரோடு வாசகி: பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டும். என்ன செலவாகும்?

ஈயம் பூசுகிறவரிடம் கேளுங்கள் அம்மா.

பலர்: அப்துல் கலாம் பெயரில் இருப்பது இந்தக் கலமா?

இல்லை. அது கலாம், அரபியில் பேச்சு. கேட்ட பதினான்கு பேருக்கும் இதுவே பதில்.

நாகப்பட்டினம் வாசகர்: கரையில் இருப்பதால்தானே கலங்கரை விளக்கம்?

நல்ல கேள்வி, ஆனால் இந்தக் கரை வேறு. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரை. கரைதல் என்றால் அழைத்தல். சிலப்பதிகாரத்தில் 'கலங்கரை விளக்கமும்' என்று வரும் இடத்தில் அடியார்க்கு நல்லார் கலத்தை அழைக்கிற விளக்கு என்றுதான் உரை எழுதுகிறார்.